இருநூற்றுப் பதினான்கு ‘தெரியவில்லை’

விருது பேராசிரியைக்குத்தான் என்று சுற்றறிக்கை வந்த அன்று, பக்கத்து அறையில் இருந்த காப்பாளர் ஒரு மீன்கொத்தியைத் தலைமாடு கால்மாடாகப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் அந்த அறையில் அப்படி நடந்ததே இல்லை. அங்கே இருப்பவை பஞ்சடைத்துப் பாடம் செய்த பதினெட்டாயிரம் பறவைகள். பதினெட்டாயிரம் அலகும் ஜன்னலைப் பார்த்தே கிடக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்றைக்கு ஒரே ஒரு மீன்கொத்தி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தார். ‘கற்பித்தலிலும் மாணவர்களுக்கு வழிகாட்டுவதிலும் தலைசிறந்து விளங்கியமைக்காக.’ தலைசிறந்தாராமே! அவருக்கு நெஞ்சுக்குள் யாரோ அந்துருண்டையைத் தேய்த்த மாதிரி எரிந்தது.

இரண்டு பேரும் ஒரே வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். ஒரே வாரத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பறவையியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவருக்குப் பாடம் செய்த பறவைகளின் காப்பறையும் வாரத்துக்கு இரண்டு வகுப்பும் கிடைத்தன. பேராசிரியைக்கு மாணவர்கள் கிடைத்தார்கள். நடுவில் ஒரு மெல்லிய சுவர். அந்தச் சுவர் வழியாக இருபத்தாறு வருடமாக அவர் கேட்டது சிரிப்பு, நாற்காலி இழுபடும் சத்தம், மறுபடியும் சிரிப்பு. படிக்கிற இடத்தில் என்ன அப்படிச் சிரிப்பு என்று ஒரு நாள்கூட அவருக்கு விளங்கியதில்லை.

காப்பாளருக்குத் துறையில் வைத்த பேர் ‘காது’. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘காது சார்’ என்பார்கள். பேராசிரியை முகத்துக்கு நேராகவே ‘காது’ என்று கூப்பிடுவார். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பேர்தான். கண்ணைக் கட்டிக் குட்டைக்கரையில் நிறுத்தினாலும் கூவுவது எது, ஆணா பெண்ணா, பசியில் கத்துகிறதா பயத்தில் கத்துகிறதா என்று சொல்லிவிடுவார். கூட நடப்பவர் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் பேர் வந்து விழுந்துவிடும். பேரை வாயில் அடக்கி வைக்க மட்டும் அவரால் ஆகாது. தும்மலை அடக்கச் சொன்னால்கூட அடக்குவார்.

பேராசிரியைக்கு வைத்த பேர் ‘தெரியலை மேடம்’. களத்தில் எந்தப் பறவையைக் காட்டிக் கேட்டாலும் அந்த அம்மாள் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். அதற்குத்தான் விருது! வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

மத்தியானமே துறைத்தலைவர் வந்து நின்றார். வயதில் இளையவர், பேராசிரியையின் பழைய மாணவர். அது ஒன்றே காதுக்குப் போதாதா, முகத்தைத் திருப்பிக்கொள்ள.

“சார், பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் கடிதம் கேட்டு எழுதியிருக்கோம். வர்றதைச் சேர்த்து ஒரு புத்தகமா மேடத்துக்குக் குடுக்கணும். நீங்க பாத்துக்கறீங்களா?”

“நானா? ஏன், வேற ஆள் கிடைக்கலையா?”

“உங்களை மாதிரி நேர்த்தியா அடுக்க யார் இருக்காங்க சார்? அப்புறம், விழாவுல அவங்களைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும். உங்களைவிட அவங்களை ரொம்ப நாளா தெரிஞ்சவங்க யாரும் இல்லை.”

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தவர், ‘அஞ்சு நிமிஷம்’ என்றதும் மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம். கையில் மைக். எதிரே முழுப் பல்கலைக்கழகம். “சரி, பாத்துக்கறேன்” என்றார். துறைத்தலைவர் ஒன்றும் சந்தேகப்படாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிப் பழகியவள்.

“என்னங்க, ஏதோ கருகுற வாடை வருதே. அடுப்பில ஒண்ணும் வைக்கலையே நான்?”

“சும்மா இரு.”

“அக்காவுக்கு விருதாமே, போன் பண்ணினாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சொல்லுவேன். விழாவுல சொல்லுவேன்.”

“நல்லதா?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மனைவி அந்தப் பேராசிரியையை ‘அக்கா’ என்று கூப்பிடுவது வேறு எரிகிற தீயில் எண்ணெய். மகள் ‘ஆன்ட்டி’ என்று உயிரை விடுவாள். வேறு ஊரில் பாலம் கட்டும் பொறியாளராக இருக்கிறாள். அப்பாவுக்கு மாதம் இரண்டு தடவை போன். ஆன்ட்டிக்கு எத்தனை தடவை என்று அவர் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

மறுநாள் துறையின் களப் பதிவேடுகளை எல்லாம் அறைக்கு அள்ளிக்கொண்டு வந்தார். பச்சை அட்டை, இருபத்தாறு தொகுதி. தேதி, இடம், பறவையின் பேர், எண்ணிக்கை, பார்த்தவர், கடைசியில் குறிப்பு. களத்துக்குப் போகும் ஆசிரியர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேர் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். அது துறையின் பழைய விதி. காதின் கையெழுத்துக்கு மேலே அந்த வார்த்தை ஒரு இடத்தில்கூடக் கிடையாது. பேராசிரியையின் கையெழுத்துக்கு மேலே தொகுதிக்குத் தொகுதி கிடந்தது. இதெல்லாம் அவருக்குப் புதிது அல்ல. வருடா வருடம் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தார். எதற்கென்று கேட்காதீர்கள். மனிதனுக்கு ஆயிரம் இருக்கும். இன்றைக்கு உட்கார்ந்து மொத்தமாக எண்ணினார்.

இருநூற்றுப் பதினான்கு.

‘குறிப்பு’ என்ற கட்டத்தில் யார் யாரோ வேறு கையெழுத்தில், வேறு தேதியில், பறவையின் பேரை எழுதியிருந்தார்கள். மாணவர்கள் வந்து திருத்தியிருக்கிறார்கள்! வெட்கக்கேடு என்று அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ஒரு அட்டையில் முத்து முத்தாக எழுதினார்: ‘நம் பேராசிரியையிடம் ஓர் அரிய பணிவு உண்டு. இருநூற்றுப் பதினான்கு பறவைகளைத் தமக்குத் தெரியாது என்று தம் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆதாரம் எங்கள் துறைப் பதிவேடு.’ மேடையில் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். கேட்பவர்களும் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகு யோசிப்பார்கள். அன்றைக்கு மத்தியானம் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதல் கடிதத்தை எழுதியவர் ஏதோ ஒரு பெரிய காட்டின் அதிகாரி. ‘முதல் வருடம். சுத்திகரிப்புக் குட்டைக் கரையில் பழுப்பாக ஒன்று ஓடியது. மேடத்தைப் பார்த்தேன். தெரியலையே, நீ என்ன பாத்த என்றார்கள். வால் ஆடியது என்றேன். எப்படி, மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்றார்கள். மறுபடி பார்த்தேன். நான்கு நாள் கழித்து அது உள்ளான் என்று நானே கண்டுபிடித்து ஓடிப் போய்ச் சொன்னேன். மேடத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எட்டு வருடம் கழித்து நூலகத்தில், அந்த உள்ளானின் வாலாட்டத்தைப் பற்றி மட்டும் மேடம் எழுதிய முப்பது பக்கக் கட்டுரை கையில் கிடைத்தது. நான் பிறந்து நடை பழகும் முன்னால் எழுதியது!’

காது கடிதத்தைக் கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்தார். அதிலும் ‘தெரியலையே, நீ என்ன பாத்த?’ மூன்றாவதிலும் அதுவே. நாற்பத்திரண்டு கடிதத்தில் முப்பத்தாறில் அதே பல்லவி. தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறாள்! ஒவ்வொரு தடவையும்! அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தெரியாதவளாக இருந்திருந்தாலாவது மன்னித்திருப்பார். இருபத்தாறு வருடமாகத் தெரிந்த பேரை வாய்க்குள் வைத்துக்கொண்டு, தொண்டையில் சிக்காமல், முகத்தில் காட்டாமல் எப்படி இருந்தாள்?

நாற்பத்து மூன்றாவது கடிதத்தின் கையெழுத்து தெரிந்த கையெழுத்து. மகளுடையது. துறை அலுவலக விலாசத்துக்குத்தான் அனுப்பியிருந்தாள். அதை யார் பிரிப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

‘ஆன்ட்டி, நான் உங்கள் மாணவி இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள். அப்பா ஒரு காலை நேரத்தில் நாற்பது பறவைக்குப் பேர் சொல்வார். நான் தலையைத் தூக்குவதற்குள் பறவை முடிந்து போயிருக்கும். ஒன்றுகூட இப்போது நினைவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு ஞாயிறு நீங்கள் கூட்டிப் போனீர்கள். தெரியலை என்றீர்கள். புதன்கிழமை நானே கண்டுபிடித்தேன். பதிவேட்டில் என்னையே எழுதச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே பறவை அதுதான். இன்றைக்கும் ஒரு பாலம் விரிசல் விட்டால் அப்படித்தான் போய் நின்று பார்க்கிறேன்.’

அவர் எழுந்து பச்சை அட்டைகளைப் புரட்டினார். மகளுக்கு ஒன்பது வயதான வருடம். ஒரு ஞாயிறு. ‘தெரியவில்லை’ என்று பேராசிரியையின் கையெழுத்து. எதிரே குறிப்புக் கட்டத்தில், கோடு தாண்டிப் பெரிய பெரிய எழுத்தில், ‘கருப்பு வெள்ளை வாலாட்டி’. பக்கத்தில் சிவப்புப் பென்சில் டிக். அவர் போட்டதுதான். சொந்தப் பெண்ணின் எழுத்து என்றுகூடப் பார்க்காமல் குற்றம் எண்ணியிருக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை. ரப்பரை எடுத்து அந்த டிக்கை அழித்தார். சிவப்பு முழுக்கப் போகவில்லை, இளஞ்சிவப்பாகத் தங்கிவிட்டது.

இதோடு திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்குப் பொறாமையைப் பற்றித் தெரியாது. அது இப்போதுதான் நன்றாகப் பற்றிக்கொண்டது. மாணவர்களை எடுத்துக்கொண்டது போதாதென்று என் மகளையுமா? மேடைக்காக எழுதிய அட்டையை அவர் கிழிக்கவில்லை. சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

விழா அன்றும் காலையில் பேராசிரியை வகுப்பை விடவில்லை. முதல் வருட மாணவர்கள் ஏழு பேரோடு சுத்திகரிப்புக் குட்டைக்குக் கிளம்பினார். ஊர்ச் சாக்கடைத் தண்ணீர் மொத்தமும் வந்து தெளியும் இடம். மனிதர்கள் மூக்கைப் பொத்துவார்கள், பறவைகள் மொய்க்கும். காதும் கூடவே போனார். எதற்கு என்று கேட்டதற்கு “காத்து வாங்க” என்றார். அந்த இடத்தில் காற்று வாங்க வந்த முதல் ஆள் அவர்தான்.

இரண்டாவது குட்டை தாண்டுவதற்குள் பேராசிரியைக்கு போன் வந்தது. துணைவேந்தர் அலுவலகத்தில் படம் எடுக்க வேண்டுமாம், உடனே.

“காது, அரை மணி நேரம் இவங்களைப் பாத்துக்கறியா?”

“நானா?”

“ஆமா, நீதான். ஒண்ணே ஒண்ணு.” பேராசிரியை கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். “பேரை மட்டும் சொல்லிடாதே. உன் கையைக் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“ஏன், எனக்கு மட்டும் முடியாதா?” என்றார் காது வீம்பாக. ‘இவள் செய்யும்போது என்னால் ஆகாதா, பார்த்துவிடலாம்’ என்று அவருக்குள் ஒரு வெறி.

ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். காது சார் என்றால் அவர்களுக்கு நடுக்கம். அப்போது வேலியோரத்து நாணலில் இருந்து ஒரு பாட்டு எழும்பியது. கிறுகிறுவென்று சுற்றி, ஒரு விசில் அடித்து, மறுபடி சுற்றும் பாட்டு.

காதுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாணல் கதிர்க்குருவி! அவர் முனைவர் பட்டம் வாங்கிய பறவை. நான்கு வருடம் அந்தப் பாட்டைப் பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி அளந்தவர். உலகத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார். பேர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கொதிக்கிற காப்பியை வாயில் வைத்திருப்பவர் போலக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் அவரைப் பார்த்து, “சார், அது என்ன சார்?” என்று வேறு கேட்டுத் தொலைத்தாள்.

பல்லைக் கடித்தார். “தெ... தெரியலை” என்றார். வாழ்க்கையில் முதல் தடவை. “நீ என்ன பாத்த?”

“இன்னும் பாக்கலை சார். சத்தம்தான்.”

“அப்ப பாரு.”

பார்த்தாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. பாட்டு நிற்கவில்லை. ‘நாணலுக்குள் பழுப்பாக, சின்னதாக இருக்கும் பாரடி’ என்று அவர் மனசு கத்தியது. அந்தப் பெண்ணோ நாணலை விட்டுவிட்டு வேலிக் கம்பிமேல் பைனாகுலரைத் திருப்பினாள். ஐயோ, தப்பான இடம்!

“சார், கம்பிமேல ஒண்ணு உக்காந்திருக்கு. சாம்பல் முதுகு. கண்ணுல முகமூடி மாதிரி கறுப்புப் பட்டை. அலகு நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு.”

அது கீச்சான் என்று குழந்தைகூடச் சொல்லும். “அதை விடு, பாடுறது எது?” என்றார் பொறுமை இழந்து.

“அதுதான் சார் பாடுது. தொண்டை துடிக்குது, பாருங்க. நாணல்ல ஒண்ணுமே இல்லை.”

காது பைனாகுலரை எடுத்தார். கடைசியாக எப்போது உயிருள்ள ஒரு பறவையைக் கண்ணால் பார்த்தார் என்று அவருக்கே நினைவில்லை. கம்பிமேல் கீச்சான். அதன் தொண்டை துடித்தது. துடிப்புக்கும் பாட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மற்ற பறவைகளின் பாட்டைக் கீச்சான் திருடும் என்பது அவர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான். திருடிய பாட்டு அவருடைய சொந்தக் கதிர்க்குருவியின் பாட்டு. அது மூக்குக்கு நேரே உட்கார்ந்து அவரை ஏமாற்றியிருக்கிறது. பேரைச் சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும். அதைவிட மோசம், ஏழு பேரும் நம்பிப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அவர் சொன்னால் யார் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்?

“சார், அது வேற பறவை மாதிரி நடிக்குதா? அப்படி நடிக்குமா சார்?”

“ஆமாம்மா. நான் ஏமாந்துட்டேன். நீ ஏமாறலை.”

அந்தப் பெண் பைனாகுலரை இறக்கிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை எப்படிச் சொல்ல? கண் விரிந்து, வாய் பாதி திறந்து, பச்சைத் தொப்பி சரிந்து, சிரிப்பா அழுகையா என்று புரியாத முகம். காது சாருக்கே தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற முகம். மற்ற ஆறு பேரும் அவள் முதுகில் அடித்துச் சிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கேட்ட அதே சிரிப்பு.

இருபத்தாறு வருடமாக இந்த முகத்தையா அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்? கேடயம், பட்டம், படம், எல்லாம் ஒரு பொருட்டா? எதைப் பார்த்து இத்தனை காலம் வயிறு எரிந்தோம், மடையன்! எரிய வேண்டியது இதற்கல்லவா! குட்டை ஓரத்தில் அந்தச் சாக்கடை வாடையில் நின்றுகொண்டு, ஐம்பத்தெட்டு வயது மனிதர் பொறாமையில் உருகிப் போனார்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி. பக்கத்தில், காலையில்தான் ஊரிலிருந்து வந்து இறங்கிய மகள். ஆன்ட்டிக்காக வந்தவள். மேடையில் காதுக்குப் பேராசிரியைக்கு அடுத்த நாற்காலி. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து போய் மைக் முன்னால் நின்று சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். முத்து முத்தான எழுத்து. எடுத்ததை அப்படியே இரண்டாக மடித்தார்.

“நான் இவங்களுக்குப் பக்கத்து அறை. எனக்கு ஒரு பறவை தெரிஞ்சா வாய் சும்மா இருக்காது, சொல்லிடுவேன். இவங்க தெரிஞ்சுக்கிட்டே தெரியலைம்பாங்க. இருநூத்திப் பதினாலு தடவை சொல்லியிருக்காங்க, நான் எண்ணியிருக்கேன். அந்த இருநூத்திப் பதினாலும் வேற யாரோ கண்டுபிடிச்சதா ஆயிடுச்சு. அதுல ஒண்ணு என் பொண்ணு.” மடித்த அட்டையைப் பையில் போட்டார். “எனக்கு இவங்க மேல பொறாமை. அவ்வளவுதான்.”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. எப்பேர்ப்பட்ட நகைச்சுவை என்று துணைவேந்தர் மேசையைத் தட்டினார். மனைவி சிரிக்கவில்லை, மகளும் சிரிக்கவில்லை. கைதட்டல் ஓயும் முன்பே அவர் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பேராசிரியையும் சிரிக்கவில்லை. துணைவேந்தர் பேச ஆரம்பித்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“எப்பலேருந்து?”

“இன்னைக்குக் காலைலேருந்து.”

“பொய் சொல்லாதே. இருபத்தாறு வருஷமா உன் மூஞ்சியைப் பாக்கறேன்.”

“அது வேற. அது என்னன்னு எனக்கே தெரியலை.”

“தெரியலையா?” பேராசிரியை நாற்காலியை லேசாக இழுத்து அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். “சரி, காலைல நீ என்ன பாத்த?”

“அந்தப் பச்சைத் தொப்பியோட முகம்” என்றார் காது. “வாலாட்டியைக் கண்டுபிடிச்ச புதன்கிழமை என் பொண்ணு முகமும் அப்படித்தானே இருந்திருக்கும். நான் அதைப் பாக்கலை.”

“நான் பாத்தேன்” என்றார் பேராசிரியை. “எப்படி இருந்துச்சுன்னு சொல்லட்டுமா?”

“சொல்லாதே” என்றார் காது. மகள் மூன்றாவது வரிசையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.